கீப்பர் அண்ணை பின்வாங்கிய ஓரடி

சுழற்பந்துக்கு ஸ்டம்பை ஒட்டியே குந்தும் கீப்பர் அண்ணை, அந்த மே மாத ஞாயிற்றுக்கிழமை ஓரடி பின்னால் தள்ளிக் குந்தினார். மல்வேர்ன் பூங்கா மைதானத்தில் வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். முதல் ஸ்லிப்பில், அவருடைய வலது தோளுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு கோடைகள் நின்றவன் நான். பந்தைப் பார்க்க அவருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் தேவைப்படுகிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணிக்கு விக்கெட் காத்தவர், கனடாவுக்கு வந்தும் கையுறையைக் கழற்றவில்லை. வளைந்துபோன இரண்டு விரல்களையும் பதக்கம்போலக் காட்டுவார். "தம்பி, காலை உள்ளுக்கை வைச்சுக்கொள்ளும், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது" என்று துடுப்பாட்டக்காரரைச் சீண்டுவார். தோற்கிற நாளில்கூட அவர் பின்னால் இருக்கிறார் என்பதே எங்களுக்குத் தெம்பு.

ஓரடி இரண்டடியானது. பந்துகள் அவர் கால்களுக்கிடையில் புகுந்து எல்லைக்கோடு வரை ஓடின. துடுப்பில் பட்ட சத்தத்தைக் கேட்டுக் குத்துமதிப்பாகப் பாயத் தொடங்கினார்.

"அண்ணை, கண்ணிலை ஏதும்…?"

"வெயில் குத்துது. நீ உன்ரை காட்ச்சைப் பார்."

அன்று வானம் மூடிக் கிடந்தது.

விளையாட்டு மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். வார நாட்களில் அவர் ஓட்டியது பள்ளிக்கூட பஸ். என் மகளும் அதில்தான் போவாள். அந்த வாரம் முழுக்க, பிள்ளைகள் வீதியைக் கடக்கும் ஒவ்வொரு சந்தியிலும், அவர் தவறவிட்ட பந்துகள்தான் நினைவுக்கு வந்தன. கம்பனிக்குச் சொன்னால் மனிதருடைய வேலை போய்விடும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை முழுதாக யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் வேலைக்குப் பிந்திப் போக அனுமதி கேட்டு, மகளை நானே காரில் கொண்டுபோய் விட்டேன். இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன். எழுதவே கூசுகிறது.

அடுத்த ஆட்டத்துக்குக் கால்காப்பைக் கட்டிக்கொண்டே அண்ணை கேட்டார்.

"பிள்ளையை ஏன் பஸ்ஸுக்கு விடுறேல்லை?"

"சும்மாதான் அண்ணை. எனக்கு அந்தப் பக்கம் வேலை."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், கட்டிய பட்டியை அவிழ்த்தார். கண்ணில் புரை என்றும், ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைக்கும்வரை சமாளிக்கலாம் என்று நினைத்ததாகவும் சொன்னார். "நாளைக்குத் திறப்பைக் குடுத்திடுறன்" என்றார். சொன்னபடியே பஸ் சாவியைக் கம்பனியில் கொடுத்தும்விட்டார்.

இப்போது அவருக்கு இரண்டு கண்ணும் தெளிவு. அஜக்ஸ் நகரில் இருக்கும் மகன் வீட்டிலிருந்து ஆட்டம் பார்க்க மட்டும் வருவார். போன கோடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, கோபமே இல்லாமல் சொன்னார்.

"நான் செய்தது பிழைதான். ஆனா ஒண்டு கேக்கிறன். உன்ரை பிள்ளையை மட்டும் பஸ்ஸாலை இறக்கினனி. மற்றப் பிள்ளையளை ஏன் என்னோடை விட்டனி?"

அந்த இரண்டு வாரமும் மகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பள்ளி வாசலில் பிள்ளைகளோடு நின்ற அவருடைய பஸ்ஸைத் தினமும் கடந்து போனேன். அந்தக் கண்ணால் என் காரை அவர் கண்டுபிடிக்க மாட்டார் என்ற துணிவில் முகத்தைக்கூட மறுபக்கம் திருப்பவில்லை.