அவர் வராத இரண்டு மாதம்

எங்கள் வீட்டு நாய்க்கு நான் சோறு போடுகிறவள், அவ்வளவுதான். ஓடிப்போய்க் குதிப்பதெல்லாம் என் வீட்டுக்காரரைக் கண்டால்தான். அவருக்கு அரக்கோணம் ரயில்வே யார்டில் வேலை. ஷிப்ட் முடிந்து திருத்தணி ஸ்டேஷனில் இறங்கி, சைக்கிளில் எங்கள் தெருமுனை திரும்பும்போதே அதற்குச் செயின் சத்தம் கேட்டுவிடும். நான் தறியில் உட்கார்ந்திருப்பேன். என்னைத் தாண்டி ஒரே பாய்ச்சல். முன்னங்கால் இரண்டையும் அவர் மார்பில் வைத்துக்கொள்ளும். எவரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன், அதனிடம் மட்டும் "நைனா, வந்துட்டேன் நைனா" என்று குழைவார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. எனக்கு வயிற்றெரிச்சல்தான், இல்லையென்று ஏன் சொல்லவேண்டும்?

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைநாள் சாயங்காலம், அப்படிப் பாய்ந்தபோதுதான் பின்னங்கால் சாக்கடைக் கல்லுக்கு நடுவே மாட்டித் திருகிக்கொண்டது. அது போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் கை கால் எலும்பு உடைந்தால் டாக்டரிடமா போவோம்? எல்லையைத் தாண்டி ஆந்திராவில் முட்டைக்கட்டு போடுகிற ஊருக்குத்தான் பஸ் ஏறுவோம். நாயையும் கோணியில் சுற்றி அங்கேதான் தூக்கிப் போனார். பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் தடவி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டிவிட்டார்கள். மனுஷனாக இருந்தால் பிரிக்கிற நாள்வரை கிடப்பான். இது முட்டை வாசனைக்கு விடிவதற்குள் துணியோடு சேர்த்துக் கடித்துத் தின்றுவிட்டது. காலையில் தப்பை மட்டும் கிடந்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

காலை அது தரையில் ஊன்றவே இல்லை. தொடை இளைத்துக்கொண்டே போனது. கடைசியில் தெரிந்த ரயில் கார்டு ஒருவரைக் கெஞ்சி, அவர் பெட்டியான பிரேக் வண்டியில் ஏற்றி, மெட்ராஸில் பெரிய கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு உடையவேயில்லை, முட்டிக்குள் இருக்கிற தசைநார் அறுந்திருக்கிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்து, முட்டியைக் கெட்டியான நைலான் நூலால் இழுத்துக் கட்டினார்.

"சுத்தி இருக்கற சதை இறுகற வரைக்கும் அந்த நூல்தாம்மா தாங்கணும். ரெண்டு மாசம் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. அறுந்துபோச்சுன்னா மறுபடி செய்யறதுல பிரயோஜனம் இல்லை."

நூலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. தறியில் அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொள்வேன். இதில் அதற்கும் வழியில்லை.

தறிக்காலில் கட்டிப்போட்டேன். அடிவயிற்றில் பழைய புடவையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, வெளிக்குக் கொண்டுபோய் வந்தேன். அவர் லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாளே, திரும்பி வருகிற செயின் சத்தம் கேட்டு நாய் கயிற்றோடு துள்ளியது. தையல் ஓரத்தில் ரத்தம் கசிந்தது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னாலதான் காலே போச்சு. நான் வந்தாத்தான துள்ளுது? நான் வர்லை. சேர்ற வரைக்கும் அரக்கோணத்துலயே இருந்துக்கறேன்."

"நாய்க்காகவா வீட்டை விட்டுப் போறீங்க?"

"ஆங்."

போயே போய்விட்டார். கூட வேலை செய்கிறவர் அறையில் தங்கிக்கொண்டார். வாரத்துக்கு ஒரு தரம் வந்து, கடைத்தெருவில் வெற்றிலைக் கடையோரம் நிற்பார். துவைத்த துணியை நான் எடுத்துக்கொண்டு போவேன். காற்று எங்கள் தெருப் பக்கம் அடித்தால் இன்னும் தள்ளிப்போய் நிற்பார், தன் வாசனை அதற்கு எட்டிவிடும் என்று. "தின்னுதா? காலை ஊனுதா?" என்பார். நான் தின்றேனா என்று கேட்டதில்லை.

நாய் முதலில் தின்னவேயில்லை. ரயில் ஊதினால் வாசலைப் பார்த்து முனகும். நான் தறியை மிதித்துக்கொண்டே அதனோடு ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் பம்பை அடித்துக்கொண்டு தெருவில் போனபோது, உடம்பெல்லாம் நடுங்க என் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டது. அதற்கப்புறம் என் கையால் தின்றது. வாசலைப் பார்ப்பது குறைந்து, பிறகு நின்றேபோனது.

அதையும் அவரிடம் சொன்னேன். "இப்பல்லாம் ரயில் ஊதினாலும் தலையைத் தூக்கறதில்லைங்க."

"நல்லதுதான். அடங்கி இருந்தாத்தான் சேரும்" என்றார். பீடி கையிலேயே அணைந்துபோயிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

கெடு முடிந்து, மெட்ராஸுக்கு நானே கொண்டுபோனேன். டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்து, இனி அவிழ்த்துவிடலாம் என்றார்.

மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தார். முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். நாய் கயிறில்லாமல் தறியோரம் படுத்திருந்தது. வாசலில் நின்று "நைனா" என்றார். தலையைத் தூக்கிப் பார்த்தது. வழியில் போகிற எவருக்கோ ஆட்டுவதுபோல் வாலை லேசாக ஆட்டியது.

"ரா, நைனா" என்று தெலுங்கில் கூப்பிட்டார்.

எழுந்தது. நாலு காலையும் ஊன்றி, நொண்டாமல் நடந்துவந்து, என் புடவைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது.

அது அவரை விட்டு என்னிடம் ஒட்டவேண்டும் என்று நான் இத்தனை வருஷம் ஏங்கினது கைக்கு வந்திருந்தது. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. நாயின்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. "போயேன், சனியனே! உனக்காகத்தானே அங்க போய்க் கிடந்தாரு, போ!" என்று இடுப்பைப் பிடித்து அவர் பக்கம் நெட்டினேன். அது என் காலோடு இன்னும் ஒட்டிக்கொண்டது.

"தள்ளாத" என்றார் அவர். "காலு இப்பத்தான் சேந்துகினு வருது."