குழந்தையின் வலக்கை

மலேசியாவில் புக்கிட் பெலிம்பிங் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செல்லன் முப்பத்தாறு வருடம் செம்பனைக் குலை வெட்டினார். ஓய்ந்த நேரங்களில் சுற்றுவட்டாரக் கோயில் சிலைகளுக்குச் சாயம் பூசினார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கண் எழுதும்போது மட்டும் மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் முடிப்பார். பிசகினால் துடைத்துவிட்டு மறுநாள்தான் தொடுவார்.

வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் இரண்டரை அடி மரச்சிலை ஒன்று இருந்தது. குழந்தையை இடுப்பில் ஏந்திய மாதா. முதுகுப் பக்கம் குடைந்திருக்கும். முன்பு தோட்டத்தை நடத்திய பிரெஞ்சுக்காரத் துரை, ஊர் திரும்பும்போது செல்லனின் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. செல்லனின் மனைவி விமலா வெள்ளிக்கிழமைகளில் முருகனுக்கு வைக்கும் பூவில் பாதியைக் கிள்ளி மாதாவுக்கும் வைப்பாள்.

தோட்டம் கைமாறியது. மாதக் கடைசிக்குள் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. போக இடமில்லை. சுங்கை சோவில் தங்கி வேலை செய்யும் மகள் ஷர்மினி, முன்பு எடுத்திருந்த சிலையின் படத்தைக் கோலாலம்பூரில் பழம்பொருள் விற்கும் குமணனுக்கு அனுப்பினாள். பிரான்சில் எழுநூறு வருடத்துக்கு முன் செதுக்கியதாக இருக்கலாம், வாங்க ஆள் இருக்கிறது, சனிக்கிழமை நேரில் வருகிறேன் என்றார் அவர். விற்றால் புக்கிட் பெருந்துங்கில் சின்ன வீடு ஒன்றையே வாங்கிவிடலாம்.

செல்லனுக்கு ஒரு கவலைதான். குழந்தையின் வலக்கை மணிக்கட்டோடு போயிருந்தது. மாதாவுக்கு மூக்கு நுனி இல்லை. விரல் உடைந்தாலே கோயிலில் அந்தச் சிலைக்குப் பூசை கிடையாது. இதை யார் சாமியென்று வாங்குவார்கள்?

“நம்ம வீட்ல இருந்து போவுது. மூளியா அனுப்பக் கூடாது லா,” என்றார் விமலாவிடம்.

ஐந்து நாள் உழைத்தார். பலாக்கட்டையில் கை செதுக்கிப் பொருத்தினார். பூச்சித் துளைகளை மக்கு வைத்து அடைத்தார். சேலை மடிப்புகளில் ஒட்டியிருந்த மங்கிய நீலத்தையும் சிவப்பையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்று பூச்சு கொடுத்தார்.

“என் கல்யாணத்துக்குக்கூட எனக்கு இவ்ளோ பூச்சு இல்ல,” என்றாள் விமலா.

“உனக்கு மக்கு வேற வேணும்.”

சனிக்கிழமை ஷர்மினியோடு குமணன் வந்தார். கைப்பேசியிலிருந்த படத்தைப் பார்த்தார். சிலையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“அங்கிள், பழைய பெயிண்ட் எங்க?”

“சுரண்டிட்டேன் சார். ஒரு பொட்டு விடல.”

ஷர்மினி சுவரில் சாய்ந்துகொண்டாள். “அப்பா, ஒரு போன் அடிச்சுக் கேட்டிருக்கலாமேப்பா.”

“அந்தப் பழைய பெயிண்டுக்குத்தான் அங்கிள் அவங்க காசு கொடுக்க இருந்தாங்க,” என்றார் குமணன். “கை உடைஞ்சிருந்தா உடைஞ்சபடியே வாங்குவாங்க.”

“உடைஞ்ச சாமியவா?”

குமணன் குழந்தையின் புதுக் கையைத் தொட்டுப் பார்த்தார். “வேலை நல்லாத்தான் இருக்கு அங்கிள்.” தேநீரைத் தொடாமல் கிளம்பினார்.

கார் போன பிறகு விமலா கேட்டாள். “தின்னர் போட்டுத் தொடச்சா பழசு வந்துராதா?”

செல்லன் பின்பக்கம் போனார். சுரண்டிய தூளை, அது விழுந்த காகிதத்தோடு வியாழக்கிழமையே சருகுக் குவியலில் போட்டுக் கொளுத்தியிருந்தார். குந்தி உட்கார்ந்து குச்சியால் சாம்பலைக் கிளறினார். நேற்றைய மழையில் அது களியாகியிருந்தது.

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. உள்ளே விமலா பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கியிருந்தாள். குழந்தையின் புதுக் கையில் சாயம் முழுதாகக் காயவில்லை. குமணனின் விரல் தடம் அதில் பதிந்திருந்தது. செல்லன் அதை நெடுநேரம் பார்த்தார். தூரிகையை எடுக்கவில்லை.