கிளச்சுக்கு வைத்த பொட்டு

மலைப்பாதையில் பாதி ஏறும்போதே காருக்குள் கருகல் வாசனை வந்துவிட்டது. கூடவே எனக்குச் சிரிப்பும் வந்தது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அப்பா கான்சாபுரத்து வயலுக்கு ஒரு பழைய குட்டி டிராக்டர் வாங்கினார். உழவில் இறங்கினால் இன்ஜின் உறுமும், சக்கரம் நகராது, இதே வாசனை அடிக்கும். ஒரே வருஷத்தில் இரண்டு முறை இராஜபாளையத்து மெக்கானிக் வண்டியை இரண்டாகப் பிரித்து கிளச் பிளேட் மாற்றினார்.

"ஓட்டை வண்டியத் தலையில கட்டிட்டான். வித்துருவோம்" என்று அப்பா குதித்தார்.

ஆயுத பூசையன்று அம்மா டிராக்டருக்கு மாலை போட்டு, பெடல்களுக்குக்கூடச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தாள். பூசை போட்ட வண்டியில் செருப்போடு ஏறலாமா? அப்பா வெறுங்காலோடு ஏறி, ஒரே கியரில் ஊரைச் சுற்றி வந்தார். நாங்கள் கத்திக்கொண்டே பின்னால் ஓடினோம்.

இறங்கியவரின் இடது உள்ளங்கால் முழுக்கச் சந்தனம். வலது காலில் பேருக்கு ஒரு தீற்றல்.

"பிரேக்குல வச்ச பொட்டு லேசாத்தான் அழிஞ்சிருக்கு. கிளச்சுல வச்சது அம்புட்டும் ஒங்க கால்ல இருக்கு. வழி பூரா மிதிச்சுக்கிட்டேவா வந்தீய?" என்றாள் அம்மா.

"மிதிக்கல. சும்மா வச்சிருந்தேன்."

பூசைக்கு வந்திருந்த மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "சும்மா வச்சாலே பிளேட்டு தேயும் அண்ணாச்சி!"

மறுநாளிலிருந்து அம்மா தினமும் கிளச்சுக்குப் பொட்டு வைத்தாள். நான் கல்லூரிக்குப் போகும்வரை பிளேட் மாற்றவே இல்லை.

காரை ஓட்டிக்கொண்டிருந்த கணவரிடம், "செத்த நேரம் ஓரமா நிறுத்துங்க" என்றேன்.

"எதுக்கு?"

"ஒங்க இடது காலைப் பாக்கணும்."