பனி வேண்டாமென்று சொன்னவன்

இந்த ஊரில் பனி பெய்யக்கூடும் என்று டிவியில் ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், கடைகளில் ரொட்டியும் பாலும் காணாமல் போய்விடும். பெய்யக்கூடும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் ஆபீஸ் முடிந்து நான் போவதற்குள் அந்த அலமாரிகள் துடைத்து வைத்தது போல் இருக்கும். வந்த புதிதில் நாளைக்கு ஏதோ பந்த் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கல்லாவில் நின்ற பெண்ணிடம் காபிக்குப் பால் வேண்டும் என்றபோது அவள் என்னை இரக்கத்தோடு பார்த்து, "ஸ்நோ வருதே" என்றாள். மறுநாள் பளிச்சென்று வெயில் அடித்தது. நான் கறுப்புக் காபி குடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ஊரில் இருப்பவர்கள் அமெரிக்கா என்றதும் காலண்டர் படத்தில் வரும் வெள்ளை வெளேர் தேசத்தை நினைப்பார்கள். நானும் அதை நினைத்துத்தான் வந்தேன். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் தேதி தெரியாமல் குழம்பிவிடும் என்று பயந்து எங்களைப் போன்றவர்களைக் கூட்டம் கூட்டமாக வரவழைத்த சமயம் அது. எனக்கு வாய்த்தது தென் கரோலினா. பருத்தி விளையும் பூமி. மூடிக் கிடக்கும் நூல் மில்கள். கோடையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கோயமுத்தூரிலிருந்து பூமிப்பந்தின் மறுபக்கம் வந்து எங்கள் ஊர் சோமனூரைப் போலவே இன்னொன்றில் இறங்கியிருக்கிறேனே என்று முதல் மாதம் எனக்கு அழுகையே வந்தது. பனி இங்கே சில வருஷங்களுக்கு ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் கரைந்துவிடும் என்றார்கள்.

அடுத்த தெருவில் டேல் என்பவரின் வீட்டு முன்புறத்தில் ஒரு மழைமானியைப் பார்த்த அன்றுதான் எனக்கு இந்த ஊரில் கொஞ்சம் மூச்சு வந்தது. டேல் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் இன்னும் சிலரும் சனிக்கிழமைகளில் நூலகத்தில் கூடி வானிலை வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு வாதாடுவார்கள். பாதிப் பேருக்கு அது பொழுதுபோக்கு, மீதிப் பேருக்கு அது பனிக்கான தவம். நான் போய்ச் சேர்ந்துகொண்ட முதல் வாரமே என்னை ஏணியில் ஏற்றி வெப்பமானியைத் துடைக்க விட்டார்கள். சோமனூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எவர்சில்வர் டப்பாவில் புனலைச் செருகி மழை அளந்துகொண்டிருந்தவன் நான். பள்ளியில், கல்லூரியில், எங்கேயும் அதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. இங்கே நரைத்த தலைகள் நாலைந்து என்னைச் சுற்றி உட்கார்ந்து, உங்கள் ஊரில் மழை எந்தத் திசையிலிருந்து வரும் என்று கேட்டன.

அப்பாவுக்குச் சோமனூரில் விசைத்தறிக் கூடம். கூலிக்கு நெய்து கொடுப்பார். வானிலை அவருக்கு ஆர்வம் அல்ல, பாடு. மாசி பங்குனியில் காற்று வறண்டால் பாவு நூல் பட்பட்டென்று அறுந்துகொண்டே இருக்கும். சாக்குகளை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டு, தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு தறியாக நின்று நூலைப் பிணைத்துக்கொண்டிருப்பார். நான் மாடியிலிருந்து இறங்கி வந்து ஈரப்பதம் பற்றி ஏதாவது சொன்னால், "மேல என்னத்த கண்ணு அளந்துட்டிருக்கற? பேஞ்சா நனையப்போறோம், பேயலீன்னாக் காயப்போறோம்" என்பார். ஆனால் டப்பாவைத் தட்டிவிட்ட காகத்தைத் துரத்தியது அவர்தான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

பத்தாவது படிக்கும்போது ஊட்டியில் உறைபனி என்று பேப்பரில் படம் வந்தது. நான் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். ஒரு நாள் அப்பா தறிகளை நிறுத்திவிட்டு, "கெளம்பு" என்றார். தறியை நிறுத்துவது அவருக்குச் சாதாரண காரியம் இல்லை. மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது வெயில் எங்களுக்கு முன்பே வந்திருந்தது. மைதானம் முழுக்க வெறும் ஈரப்புல். ஒரு கட்டடத்தின் நிழலில் மட்டும் கையகலத்துக்கு வெள்ளை மிச்சமிருந்தது. நான் விரலை நீட்டினேன். "தொடாத கண்ணு. பாத்துக்க, போதும்" என்றார். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். நிழல் நகர்ந்தது. அப்பா, தானே அந்தப் பனியைத் தவறவிட்டுவிட்டது போல் முகத்தை வைத்துக்கொண்டு, டீ வாங்கிக் கொடுத்தார்.

டேலின் கூட்டத்துக்கென்று சில சாத்திரங்கள் உண்டு. பனியள்ளும் மண்வெட்டி வாங்கக்கூடாது, வாங்கினால் வராது. பிள்ளைகள் இரவு உடையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு, தலையணைக்கடியில் ஸ்பூன் வைத்துத் தூங்க வேண்டும். என்னிடம் சின்ன ஸ்பூன் இல்லாததால் சாம்பார்க் கரண்டியை வைத்துக்கொண்டு படுத்தேன். எல்லாவற்றையும்விடப் பெரிய சாத்திரம் ஒன்று: பனி வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னால் வந்துவிடும். ஆகவே வரைபடத்தில் நல்ல குறி தெரிந்துவிட்டால் எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஐயோ, இந்த வருஷம் வேண்டவே வேண்டாம்" என்பார்கள். கண்ணில் மட்டும் சிரிப்பு தெறிக்கும். இதை அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். "நம்மூர்ல மழைக்குக் கழுதைக்குக் கல்யாணம் பண்ணி வெக்கறாங்க. அவங்க கரண்டிய வெச்சுட்டுப் படுக்கறாங்களாக்கும். எல்லாம் ஒண்ணுதான் கண்ணு." அது நாங்கள் சிரித்துப் பேசிய கடைசிப் பேச்சு.

தை பிறந்து சில நாட்களில் குறி தெரிந்தது. வடக்கேயிருந்து குளிர்காற்று இறங்கி, எங்களுக்கு மேற்கேயுள்ள மலையோரம் தேங்கி நின்றது. தெற்கே மெக்ஸிகோ வளைகுடாவில் ஒரு தாழ்வுநிலை உருவாகிக்கொண்டிருந்தது. இரண்டும் சந்தித்தால் சாதாரணப் பனி அல்ல, ஊர் மறக்காத பனி. ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேலையை விட்டுவிட்டு அந்தப் படத்தையே மறுபடி மறுபடி திறந்து பார்த்தேன். அன்று சாயங்காலம்தான் செந்தில் அண்ணனின் போன் வந்தது. பெரியப்பா மகன், ஊரில் எங்கள் வீட்டுக்கும் சேர்த்து ஓடுகிறவர்.

"தம்பி, பதறாத. சித்தப்பாவுக்கு நெஞ்சு வலி. கோயமுத்தூரு கொண்டாந்து ஆஸ்பத்திரில சேத்திப்போட்டோம்."

"பேசறாரா அண்ணா?"

"பேசறாரு. தறியெல்லாம் ஓடுதான்னு கேக்கறாரு." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா நீ வந்துபோடு."

அந்த 'ஆனா' காதில் விழுந்ததும் டிக்கெட் எடுக்கக் கிளம்பினேன். இரண்டு நாள் கழித்துக் கிளம்பும் விமானத்தில்தான் இடம் கிடைத்தது. டிக்கெட்டோடு வீட்டுக்கு நடந்து வரும்போது டேல் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"மேப்பைப் பார்த்தாயா, பையா?"

"பார்த்தேன். வர வேண்டாம், டேல். இந்தத் தடவை வரவே வேண்டாம்."

அவர் என் தோளில் ஓங்கித் தட்டினார். "அப்படித்தான். அதையே சொல்லிக்கொண்டிரு."

"இல்லை, நிஜமாகவே. நான் ஊருக்குப் போகிறேன். டிக்கெட் வாங்கிவிட்டேன். என் அப்பா..."

"டிக்கெட்டே வாங்கிவிட்டாயா? அப்படியானால் கட்டாயம் வரும்."

உள்ளே அவருடைய போன் அடித்தது. எடுக்க ஓடினார். "நம்ம இந்தியாப் பையன் டிக்கெட் வரைக்கும் போய்விட்டான், இனிமேல் பனிக்கு வேறு வழியே இல்லை" என்று யாரிடமோ உற்சாகமாகச் சொல்வது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. உள்ளே போய் விளக்கியிருக்கலாம். துக்கத்தை இன்னொரு மொழியில் சொல்ல முதல் வாக்கியம் தவறிவிட்டால் இரண்டாவது வாக்கியம் வருவதில்லை. இங்கே வந்து வாழ்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அன்றும் மறுநாளும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் வழியில் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "வேண்டாம், வேண்டாம்" என்றார்கள்.

கிளம்ப வேண்டிய நாள் விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே சத்தம் என்ற ஒன்றே இல்லாமல் போயிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பனி பெய்வதைப் பார்க்கிறேன். பார்த்தது விமான நிலையத்துக்குப் போன் போட்டுக்கொண்டே. மூடியிருக்கிறது என்றார்கள். எப்போது திறக்கும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. ரிசீவரை வைத்ததும் போன் அடித்தது. சோமனூரில் அப்போது பொழுது இறங்கியிருக்கும். செந்தில் அண்ணன் குரலுக்குப் பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஊட்டுக்குக் கொண்டாந்துட்டோம் கண்ணு. கருமத்தம்பட்டியிலிருந்து ஐஸ் பார் எறக்கி, மரத்தூளு போட்டு, அதுமேல பெஞ்சுல படுக்க வெச்சிருக்கறோம். நீ வாரவரைக்கும் வெச்சுக்கலாம்னு பெரியவங்கல்லாம் சொல்றாங்க. எப்ப வருவ?"

பகல் முழுவதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு ஏதாவது ஊர் வழியாகப் போக முடியுமா என்று கேட்டேன். அந்த ஊருக்குப் போகவே சாலை இல்லை. பனியைத் தள்ள இந்த ஊரில் வண்டிகள் கிடையாது; அதற்கு அவசியமே வந்ததில்லை. மத்தியானத்துக்கு மேல் பனி நின்று, மழையாக மாறி, விழுந்த இடத்திலேயே உறைந்து, சாலையெல்லாம் கண்ணாடி பூசியது போல் ஆகிவிட்டது. சாயங்காலம் மறுபடி போன் வந்தபோது அங்கே விடிந்திருந்தது.

"ரா முச்சூடும் ஐஸ் மாத்தி மாத்தி வெச்சோம் தம்பி. நிக்க மாட்டீங்குது. தண்ணி வாச தாண்டிப் போவுது." அண்ணனின் குரல் உடைந்தது. "நாளைக்கு உட்ருவானா பிளேனு? நீயே சொல்லு. நீதான் இதெல்லாம் படிச்சவன்."

வேறு யாராவது என் இடத்தில் இருந்திருந்தால், விட்டுவிடுவார்கள், இன்னும் ஒருநாள் பொறுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். நம்பிக்கையோடு சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. மலையோரம் தேங்கிய அந்தக் குளிர்காற்று லேசில் நகராது என்று எனக்குத் தெரியும். சூரியன் வந்தாலும் பாதரசம் உறைநிலையைத் தாண்டாது. அங்கே அப்பாவுக்குக் கீழே ஐஸ் நிற்க மாட்டேன் என்கிறது. இங்கே என் வாசலில் கரைய மாட்டேன் என்கிறது. மாடியில் ஏறி நின்று நான் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த ஒரு பதிலைச் சொல்வதற்குத்தானா என்று தோன்றியது.

"உடமாட்டாங்க அண்ணா. எடுத்துருங்க. நீங்களே கொள்ளி வெச்சுருங்க."

"அம்மாட்டப் பேசறியா?"

போன் கைமாறியது. அம்மா அழவில்லை. "அங்க ரொம்பக் குளுருதா சாமி?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன்.

அங்கே பாடை கட்டித் தூக்கியிருப்பார்கள் என்று நினைத்த நேரத்தில், குளியலறையில் நின்று என் தலையை நானே மழித்துக்கொண்டேன். பழக்கமில்லாத கை, பல இடங்களில் வெட்டிவிட்டது. உள்ளே இருக்க முடியாமல் வெளியே வந்தேன். ராத்திரி வெகுநேரமாகியும், தூறலைப் பொருட்படுத்தாமல், தெருவிளக்கு வெளிச்சத்தில் தெருவெல்லாம் பிள்ளைகள், அட்டைப் பெட்டியில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டிருந்தார்கள். டேல் அவர்கள் நடுவே பத்து வயதுப் பையனைப் போல நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கைகளை விரித்தபடி வந்தவர் தலையைப் பார்த்துச் சிரித்தார். "இது என்ன, பந்தயத்தில் தோற்றாயா?"

"அப்பா இறந்துவிட்டார். இந்நேரம் எரித்துக்கொண்டிருப்பார்கள்."

சிரிப்பு அவர் முகத்திலிருந்து இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நீ நிஜமாகவேதான் வேண்டாம் என்றாயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி, இரண்டு கையாலும் என் தலையில் வைத்துக் காதுவரை இழுத்துவிட்டார். எங்கள் பக்கம் அப்பனை இழந்தவனின் மழித்த தலையில் தாய்மாமன் தலைப்பாகையாக உருமால் கட்டிவிடுவார். டேலுக்கு அது எப்படித் தெரியும். அவருக்குத் தெரிந்தது, என் தலை நனைகிறது என்பதுதான்.

விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபின், கருமாதிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். நொய்யல் கரையில் உறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. முடி எடுக்க வந்தவர் என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஏற்கெனவே எடுத்துப்போட்டீங்களாட்ட இருக்குது?" என்றார். சொன்னேன்.

"அங்க எடுத்தது செல்லாதுங்க. நாலு பேர் பாக்க, தண்ணி தெளிச்சு எடுக்கோணும்."

என் தாய்மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பன் எரியறப்ப எடுத்தவனப்பா. அது எப்படிச் செல்லாமப் போவும்?"

"அதில்லீங் மாமா," செந்தில் அண்ணன் தன் மழித்த தலையைக் குனிந்தபடி சொன்னார், "அவன் எடுத்த எடத்துல நாம யாரும் இல்லையே."

பிறகு நானே உட்கார்ந்து தலையைக் கொடுத்தேன். எடுப்பதற்கு அதிகம் இல்லை. தென் கரோலினாவில் முளைத்து, விமான நிலையங்களின் நாற்காலிகளில் உட்கார்ந்தபடியும் கடல்களுக்கு மேலேயும் வளர்ந்து, எந்த ஊரிலும் நிலைத்து நிற்காத முடி. கத்தி அதைச் சரசரவென்று வழித்தது. அவர் கத்தியை மணலில் துடைத்தார். கறுப்பாக ஏதோ துகள் விழுந்தது. ஆற்றங்கரைக் காற்று அதை எடுத்துக்கொண்டு போவதற்குள், எந்தத் திசைக் காற்று என்று என் மனம் தானாகவே கணக்குப் போட்டது. மாமா உருமாலை உதறி விரித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.