ஜெசிந்தாவின் கறுப்பு வெள்ளைப் படம்

படம் கழுவும் டார்க்ரூமுக்குள் எப்போதும் ஒரு புளிச்ச மருந்து வாடை. எத்தனை தரம் கழுவினாலும் கையை விட்டுப் போகாது. சோறு பிசையும்போதும் மணக்கும்...

மன்னார் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் நான் வேலை பார்த்த காலம். அடையாள அட்டைப் படம், கோயிலில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளின் படம், கலியாணம்... இவைதான் வேலை.

முதலாளியிடம் ஒரு பழைய வெளிநாட்டுப் புகைப்படப் புத்தகம் இருந்தது. அதில் உடுப்பில்லாத ஒரு பெண்ணின் உடம்பு. முகமில்லை. வெளிச்சமும் நிழலும் மட்டும். முதலில் கூச்சத்தில் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். பிறகு எடுத்து எடுத்துப் பார்த்தேன். என்னோடு படித்த ஜெசிந்தாவுக்கும் காட்டினேன்.

சில வருடங்களில் அவளுக்கு மார்பில் புற்றுநோய் என்றார்கள். ஒரு பக்கத்தை எடுக்கவேண்டுமாம். கொழும்புக்குப் போக முதல் என்னிடம் வந்தாள்.

"அந்தப் புத்தகத்தில இருந்த மாதிரி என்னை ஒரு படம் எடுத்துத் தாறியாடி? முகம் வேண்டாம்."

"உன்ர மனுசனுக்குத் தெரியுமோ?"

"ஓம், அவரிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

ஞாயிற்றுக்கிழமை. சனமெல்லாம் பூசைக்குப் போயிருந்தது. ஸ்டூடியோவின் ஒரு யன்னலை மட்டும் கொஞ்சம் திறந்தேன். வெளிச்சம் பக்கவாட்டில் அவள் தோளில் விழுந்தது. நான் கமராவைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தேன்.

"வெக்கமா இருக்கோ?" என்றேன்.

"டொக்டர்மார் கேக்கக் காட்டினனான். இது நானா விரும்பிக் காட்டுறன். நீ எடு."

பின்னேரம் டார்க்ரூமில் படக் கடதாசியை மருந்துத் தட்டில் போட்டு ஆட்டினேன். மெல்ல ஒரு வளைவு... அதன் கீழே நிழல்... விலா எலும்புகளின் மெல்லிய வரிகள். காற்று தடவிவிட்டுப் போன மணல்மேடு போல...

பக்கத்தில் நின்ற ஜெசிந்தா தட்டின்மேல் குனிந்து பார்த்தாள். பிறகு, "நான் இவ்வளவு வடிவோடி?" என்றாள்.

ஒப்பரேசன் முடிந்து வந்தவள் அதை ஃப்ரேம் போட்டு ஹோலிலேயே மாட்டிவிட்டாள்! செபம் சொல்லி வீடு மந்திரிக்க வந்த ஃபாதர் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"நல்ல படம். கீரிக் கடற்கரை மணல்மேடோ?"

"ஓம் ஃபாதர்."

நாங்கள் இருவரும் குசினிக்குள் ஓடி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

சண்டையில் இடம்பெயர்ந்தபோது படமும் போனது, நெகட்டிவும் போனது.

இப்போது போன் நிறையப் படங்கள். எடுத்த கையோடு அனுப்பிவிடுகிறோம். ஓர் உருவம் மெல்ல மெல்ல வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது இல்லை...

ஜெசிந்தா கனடாவில், பேரப்பிள்ளைகளோடு. போன கிழமை வீடியோ கோலில் அந்தப் படத்தை நினைத்து நான் கவலைப்பட்டேன்.

"படம் போனாப் போகட்டும்," என்றாள். "அண்டைக்கு நீ முகத்தைத் திருப்பாமல் பாத்தனி. பிறகு வடுவோட கண்ணாடிக்கு முன்னால நிக்க எனக்கு அது போதுமாயிருந்தது."