யார் சாப்பிட்டது?

முப்பத்தெட்டு வயதில் ஸ்பானியம் படிக்க உட்கார்ந்தவளை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வினைச்சொற்களை அசை அசையாகப் பிரித்து, அழுத்தம் விழும் அசைக்கு மட்டும் தொடையில் பலமாகத் தட்டுவாள். "யாருக்கும்மா கச்சேரி?" என்பார் கணவர். ஆனாலும் தேர்வில் தேறி, வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்க்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஆபீஸில் அவளுக்குத் தாளக்காரி என்றே பேர்.

அன்று காலை பதினோரு மணிக்கு ஒரு அழைப்பு. ஒரு பக்கம் டாக்டர். மறுபக்கம் ஸ்பானியம் மட்டுமே தெரிந்த ஒரு தாய். மூன்று வயது மகளை எழுப்ப முடியவில்லை என்று கதறினாள்.

"வீட்ல ஏதாவது மாத்திரை இருக்கான்னு கேளுங்க," என்றார் டாக்டர்.

தாய் அழுதுகொண்டே சொன்னதைத் தாளக்காரி அப்படியே ஒப்பித்தாள்: "தூக்க மாத்திரை சாப்பிடறேன்னு சொல்றாங்க."

"சரி. குழந்தைக்கு ஜுரம் இருந்துச்சா?"

கேள்வியை ஸ்பானியத்தில் ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அந்தத் தாய் சொன்னது 'தோமொ'வா, 'தொமோ'வா? முதல் அசையில் அழுத்தினால் 'நான் சாப்பிடறேன்'. கடைசி அசையில் அழுத்தினால் 'அவ சாப்பிட்டா'. நான், அவள் என்று அந்த மொழியில் பெரும்பாலும் தனியாகச் சொல்வதில்லை. மொழிபெயர்ப்பவர் சொந்தமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது விதி.

"டாக்டர், நான் தப்பா சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம்," என்றாள். தாயிடம் திரும்பி, "மாத்திரை சாப்பிட்டது நீங்களா, குழந்தையா?" என்று கேட்டாள்.

"குழந்தை! குழந்தை! டப்பா காலி!"

டாக்டர் ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்லிக் கத்தியது கேட்டது. பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

தாளக்காரி மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. மூன்று மணிக்கு மேற்பார்வையாளர் வந்து, "பொழைச்சுக்கிச்சு. கண்ணு முழிச்சிருச்சாம்," என்றார். அப்போதுதான் அழுகை வந்தது.

லைன் சரியில்லாமல் இருந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொள்ளப் பார்த்து, அந்த அழைப்பின் பதிவை வாங்கிக் கேட்டாள். லைன் கண்ணாடி மாதிரி தெளிவு. கடைசி அசையில்தான் தாய் அழுத்தியிருந்தாள். தவறியது தாளக்காரியின் காது.

மறுநாளும் வேலைக்குப் போனாள். எந்த வினைச்சொல் வந்தாலும், "யாரு? நீங்களா, அவங்களா?" என்று கேட்டுவிட்டே மொழிபெயர்த்தாள். நேரமாகிறது என்று டாக்டர்கள் முனகினார்கள். முனகட்டும் என்று விட்டுவிட்டாள்.