எடுத்துவிட்ட பக்கம்

என் மகளுக்கு நான்கு வயது. படம் கீற அவளுக்கு எவ்வளவு தாள் கொடுத்தாலும் போதாது. போன கிழமை அலுமாரிக்கு மேலிருந்த பழைய பெட்டியை இறக்கி, அதில் மிச்சமிருந்த கைநூல்களைக் கொடுத்தேன். ஒரு பக்கத்தில் தலையில் கைவைத்து அழுகிற பெண். அவளுடைய சாறிக்கு மஞ்சள் நிறம் அடித்துக்கொண்டே மகள் கேட்டாள்.

"அம்மா, இந்த அன்ரி ஏன் அழுகிறா?"

"அவவின்ரை ஹஸ்பண்ட் குடிக்கிறார்."

"என்ன குடிக்கிறார்?"

பிள்ளையிடம் இதைச் சொல்லியிருக்கலாமா என்று அப்போதுதான் யோசித்தேன். "சோடா," என்றேன். அன்றிலிருந்து அவள் சோடாவைத் தொடுவதில்லை. மது பற்றி நான் செய்த பிரசாரங்களில் கைமேல் பலன் தந்தது இது ஒன்றுதான்.

பெட்டியைத் திறந்தபோது வந்த அச்சு மை வாசம் எனக்கு எப்போதும் மீன் அடைத்த மாலுபணிஸ் வாசத்தோடு சேர்ந்துதான் வரும். எங்கள் அலுவலகம் வெள்ளவத்தையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. திருமணத்துக்கு முன் இரண்டு வருடம் அங்கே வேலை செய்தேன். மதுவைப் பற்றி இளவயதினர் விரும்பி வாசிக்கக்கூடிய கைநூல் தயாரிக்கிற வேலை. தோழி வீட்டுக் கிறிஸ்மஸ் கேக்கில் பிராந்தி இருக்குமோ என்று மணந்து பார்த்துவிட்டுத் தின்கிற என்னை என்ன நம்பிக்கையில் எடுத்தார்களோ தெரியாது.

முதல் மாதிரியில் பழுதான ஈரலின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டி, தேத்தண்ணியும் பணிசும் கொடுத்து, அதைக் காட்டினோம். முன்வரிசையில் ஒருவன் கையை உயர்த்தினான்.

"மிஸ், இதப் பாத்தா பயம் வரல்ல. ஈரல் டெவல்தான் ஞாபகம் வருது."

"பைட்டுக்கு சோக்கா இருக்கும்," என்றான் பக்கத்தில் இருந்தவன். சாராயத்தோடு கடித்துக்கொள்ள அதைவிட நல்ல கறி இல்லையாம். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்து அழுதேன்.

அடுத்த முறை ஈரல் இல்லை. சட்டைப்பையில் அடங்குகிற அளவு. புத்திமதிக்குப் பதிலாக, இரண்டு கூட்டாளிகள் போனில் பகிடி விட்டுக் கதைப்பது போல எழுதினேன். மூலையில் மட்டும் சிறிதாக அழுகிற மனைவி. பெடியன்கள் ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு போனார்கள். சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லாரும் போன பிறகு ஒரு பெண் நின்று தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கினாள். பெயர் தர்ஷினி, வயது இருபத்திரண்டு என்று படிவத்தில் இருந்தது. தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து வந்தவள். வெள்ளவத்தையில் ஒரு சாறிக் கடையில் வேலை.

"அக்கா, இதுல ஆம்பளைங்க குடிக்கிறாங்க, பொம்பளைங்க அழுவுறாங்க. குடிக்கிற பொம்பளைக்கு ஒன்னும் இல்லியா?"

"ஆருக்குக் கேக்கிறீர்?"

"கூட்டாளி ஒருத்திக்கு. நாள் முழுக்கக் கடையில நிக்கிறா இல்ல, காலு வலிக்குதுன்னு தொடங்குனா. இப்ப அது இல்லாம தூக்கம் வராதாம். விடணும்னா யாருகிட்ட போறது? ஏசாம பேசுறவங்களா இருக்கணும்."

அவளுடைய கால்களைப் பார்த்தேன். வீங்கிய தோலில் செருப்பு வார் பதிந்திருந்தது. பார்க்காத மாதிரி, "அடுத்ததிலை அதுக்கெண்டு ஒரு பக்கம் போடுறன்," என்றேன்.

"மறந்துறாதீங்கக்கா."

மறக்கவில்லை. மறுநாள் காலையே எழுதினேன். சாறி மடித்து மடித்துக் களைத்த ஒரு பெண்ணோடு கதைப்பது போல. எந்தக் கிளினிக், எந்தக் கிழமை, அங்கே இருக்கிற பெண் டொக்டர் ஏசமாட்டார் என்பது வரைக்கும். அங்கே நான் எழுதியவற்றில் நன்றாக வந்தது அதுதான்.

எங்கள் பொறுப்பாளர் வாசித்தார். "நல்லாத்தான் இருக்குது, பிள்ளை. ஆனா இதைக் கண்டா தாய் தகப்பன்மார் கூட்டத்துக்கே அனுப்பமாட்டினம். யோசியும். உம்மடை விருப்பம்."

என் விருப்பம் என்றுதான் சொன்னார். அப்போது எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். கைநூலின் கடைசியில் 'எழுத்தும் வடிவமைப்பும்' என்று என் பெயர் வரும். மாப்பிள்ளை வீட்டார் கையில் அது கிடைத்தால்? இந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டால்? மூன்று நாள் யோசித்துவிட்டு நானே அந்தப் பக்கத்தை எடுத்தேன். இடத்தை வெறுமையாக விட முடியாது. அழுகிற மனைவியைப் பெரிதாக்கிப் போட்டேன்.

அச்சாகி வந்ததும் சாறிக் கடைக்குப் போய்த் தர்ஷினியிடம் ஒன்று கொடுத்தேன். விரலை நனைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து திருப்பினாள். அந்தப் பெரிய படத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"வடிவா இருக்குக்கா. அப்பாவுக்கு அனுப்புறேன்," என்றாள். முதலாளி பார்த்தார். அவள் சாறியை மடிக்கத் தொடங்கினாள்.

பில் கடதாசி ஒன்றைக் கிழித்துக் கிளினிக்கின் பெயரையும் நாளையும் எழுதிக் கொடுத்திருக்கலாம். எனக்கு அது மனப்பாடம். ஒரு நிமிட வேலை. "சரி, வாறன்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கலியாணம் முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு சாறி வாங்கப் போனபோது அவள் இல்லை. காசாளர் அக்கா குரலைத் தணித்தார்.

"அந்தப் பிள்ளையை முதலாளி நிப்பாட்டிப்போட்டார். கதைக்கேக்கை வாய் மணந்ததெண்டு கஸ்டமர் ஒராள் சொல்லிப்போட்டா."

"எங்கை போனவ?"

"ஊருக்குப் போயிருப்பா."

"எந்த ஊர்?"

அவர் மற்றப் பெண்களைப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. நானும் பெயரையும் வயதையும் மட்டும் படிவத்தில் எழுதிக்கொண்ட ஆள்தானே.

இப்போது அந்தக் கடையில் போன் விற்கிறார்கள். கொட்டாஞ்சேனை மண்டபத்தை இடித்து மாடிவீடு கட்டிவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தை மூடி, கணினிகளை யாருக்கோ கொடுத்தார்கள். நான் எடுத்துவிட்ட பக்கம் அவற்றில் ஒன்றில்தான் இருந்தது. அச்சான பக்கங்களை இன்றைக்கும் பார்க்காமல் சொல்வேன். அந்தப் பக்கத்தை எப்படித் தொடங்கினேன் என்று இந்தக் கிழமை முழுவதும் நினைத்துப் பார்க்கிறேன். 'தங்கச்சி' என்று கூப்பிட்டேனா, சும்மா தொடங்கினேனா, அதுகூட வரவில்லை.